வெளியாள் வெல்வாரா? நாம் தவறவிடும் கணக்கு

அமெரிக்க அதிபர் வேட்பாளரைக் கட்சிகள் தேர்ந்தெடுப்பதையும், கட்சித் தலைமையின் ஆதரவில்லாத வெளியாள் அதில் வெல்வாரா என்பதையும் பற்றித் தமிழில் எழுத வரும் இளைஞர்கள், நான் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்க்கிறேன். பெயர்ப் பிழையும் தேதிப் பிழையும் மெய்ப்புத் திருத்தத்தில் சரியாகிவிடும். இவை ஆகாது.

மாநிலங்களை எண்ணுவது

2016 மார்ச் 8. ஜனநாயகக் கட்சியின் மிச்சிகன் மாநில உட்கட்சித் தேர்தலில் ஹிலாரி கிளின்டனே வெல்வார் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லியிருந்தன; வெளியாளான பெர்னி சாண்டர்ஸ் வென்றார். முடிவு வந்தபோது இங்கே மறுநாள் காலை. 'சாண்டர்ஸ் திருப்புமுனை' என்று தலைப்பிட்டேன். அதே நாளில் மிசிசிப்பியிலும் தேர்தல் நடந்ததைக் கடைசி வரிக்குத் தள்ளினேன். வேட்பாளரை முடிவு செய்வது, கட்சி மாநாட்டில் வாக்களிக்கும் பிரதிநிதிகளின் எண்ணிக்கை. மிச்சிகனில் சாண்டர்ஸுக்கு 67 பிரதிநிதிகள், கிளின்டனுக்கு 63. மிசிசிப்பியில் கிளின்டனுக்கு 31, சாண்டர்ஸுக்கு 5. அந்த இரண்டு மாநிலங்களில் மட்டும் சாண்டர்ஸ் 22 பிரதிநிதிகள் பின்தங்கிப்போனார். வாசகருக்கு நான் நேர்மாறான செய்தியைக் கொடுத்துவிட்டேன். இன்று நினைத்தாலும் மனம் எரிகிறது.

ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதத்தை எட்டியவர்கள் வாக்கு விகிதப்படி பிரதிநிதிகளைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அங்கே மயிரிழை வெற்றி தலைப்புக்குத்தான் உதவும். பின்தங்கியவர் எழுந்து வருவது மிகக் கடினம். குடியரசுக் கட்சியிலோ பல மாநிலங்களில் முதலிடத்துக்கே எல்லாம், அல்லது பெரும்பங்கு. அதே ஆண்டு தென் கரோலினாவில் டிரம்ப் பெற்றது சுமார் 32.5 சதவீதம். 50 பிரதிநிதிகளும் அவருக்கே! மூன்றில் இரண்டு பங்கினர் அவரை ஏற்கவில்லை என்று பலர் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் அந்த இரண்டு பங்கு ஐந்து பேருக்குச் சிதறிக் கிடந்தது. விதியைப் படிக்காமல் வாய்ப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

கூட்டத்தை வாக்கென்று நினைப்பது

2016 ஏப்ரலில் நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா சாண்டர்ஸுக்காக நிரம்பி வழிந்தது. ஆனால் அங்கே கட்சியில் பதிவு செய்தவர்களுக்கே வாக்கு. ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் கட்சியை மாற்றிக்கொள்ளக் கெடு முந்தைய அக்டோபரிலேயே முடிந்திருந்தது. குடியரசுக் கட்சிப் பக்கம் டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும்கூடக் கெடுவைத் தவறவிட்டு, தந்தைக்கு வாக்களிக்க முடியாமல் நின்றார்கள்.

இலையுதிர்காலக் கருத்துக்கணிப்பு

2011 அக்டோபரில் குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டிக்கான கருத்துக்கணிப்புகளில் ஹெர்மன் கெய்ன் முன்னணியில் இருந்தார். டிசம்பரில் ஒதுங்கிவிட்டார், ஒரு வாக்குகூட அதுவரை பதிவாகவில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் மயக்கம்

நியூ ஹாம்ப்ஷயர் தொடக்கத்திலேயே வாக்களிக்கும் மாநிலம். 1996-ல் குடியரசுக் கட்சிப் போட்டியில் அங்கே வென்றவர், வெளியாளான பாட் புக்கானன். வேட்பாளர் ஆனவர் பாப் டோல்.