மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு எலும்பு மருந்து: செட்டிநாட்டிலிருந்து பிள்ளைகளிடம் போகும் ஆச்சிமார்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், அமெரிக்கா என்று பிள்ளைகள் வீட்டில் போய்த் தங்கும் ஆச்சிமார்களில் சிலர், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஹார்மோன் மாத்திரையில் இருப்பவர்கள். அவர்களுக்கும், அவர்களை அழைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறோம். எலும்பு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் "எது பலமான மருந்து?" என்றுதான் கேட்கிறார்கள். ஊர் மாறப்போகிறவர் அதற்கு முன்னால் "அடுத்த தவணை எந்தத் தேதி, அன்று நான் எந்த ஊரில் இருப்பேன்?" என்று கேட்க வேண்டும்.

லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்ஸிமெஸ்டேன் 25 மி.கி. ஆகிய மூன்று ஹார்மோன் மாத்திரைகளும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. புற்றுநோய்க்கு அது நல்லது, எலும்புக்குக் கெடுதல். மாதவிடாய் நின்றவர்களுக்கு வயதால் குறைவதைவிட வேகமாக, ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் எலும்பு அடர்த்தி போகும். ஐந்து முதல் பத்து ஆண்டு போடும் மாத்திரை என்பதால் கணக்கு கூடிக்கொண்டே போகும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மாதவிடாய் நின்றபின் டாமாக்ஸிஃபென் என்ற வேறு ஹார்மோன் மாத்திரை போடுபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது எலும்பைக் காக்கும். ஆனால் அதிலிருந்து லெட்ரோசோலுக்கு மாற்றும் அன்றே எலும்புப் பரிசோதனை கேளுங்கள்.

கிளம்பும் முன் ஊரில் முடிக்க வேண்டியவை

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வாருங்கள். மருத்துவ முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் பரிசோதனையை நம்பி மருந்து முடிவு செய்ய முடியாது. புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் போன் (எலும்பு) ஸ்கேன் வேறு, டெக்ஸா வேறு. "ஸ்கேன் எடுத்தாச்சு" என்று சொல்லும் பலர் கையில் இருப்பது போன் ஸ்கேன் தாள்தான். டெக்ஸா அறிக்கையில் எந்தக் கம்பெனி இயந்திரம் என்று இருக்கும். அந்தப் பக்கத்தைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். வேறு இயந்திரத்தில் எடுத்தால் எண் மாறும், எலும்பு ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியாமல் போகும்.

டெக்ஸா தரும் அடர்த்தி எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். ஆனால் லெட்ரோசோல் வகை மாத்திரையில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மைனஸ் 2-க்குக் கீழே போனாலே மருந்து தொடங்கலாம் என்று 2017-இல் பல நாட்டு எலும்பு, புற்றுநோய் அமைப்புகள் சேர்ந்து பரிந்துரைத்தன. வயது 65-க்கு மேல், மெலிந்த உடம்பு, 50-க்குப் பிறகு லேசான விழுதலில் எலும்பு முறிவு, தாய் தந்தைக்கு இடுப்பு முறிவு, ஆறு மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை, மைனஸ் 1.5-க்குக் கீழே ஸ்கோர் போன்றவற்றில் இரண்டு சேர்ந்தாலும் அதே முடிவுதான்.

ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றின் பரிசோதனையும் வேண்டும். கிரியாட்டினினில் ஏமாறுவது எளிது. 70 வயது, 45 கிலோ எடை உள்ள ஆச்சிக்கு 1.1 என்று வந்தால் "நார்மல்தானே" என்பார்கள். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 34 மி.லி.தான் வரும். 35-க்குக் கீழே இருந்தால் ஜோலெட்ரானிக் அமிலம், அலெண்ட்ரோனேட் என்ற எலும்பு மருந்துகளைக் கொடுப்பதில்லை. எடையைச் சொல்லி, கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் அலகு நம்மூரைப் போலத்தான், ஆனால் பல வெளிநாட்டு ஆய்வகங்களில் அலகு வேறு. நம்மூர் வைட்டமின் டி எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் அந்த ஊர் எண்: இங்கே 20, அங்கே 50. கிரியாட்டினினை 88-ஆல் பெருக்க வேண்டும். இதை அறியாமல் "அம்மாவுக்கு கிரியாட்டினின் 80" என்று பதறும் பிள்ளைகள் உண்டு.

பல்லைக் காட்டாமல் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலில் பிடுங்கி, ஆறு முதல் எட்டு வாரம் ஆறவிட்டுத்தான் எலும்பு மருந்து. இந்த மருந்துகள் உள்ளே இருக்கும்போது பல் பிடுங்கினால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும். பல் வைத்தியம் வெளியூரில் பெருஞ்செலவு என்பதாலும் ஊரிலேயே முடித்துவிடுவது நல்லது.

எந்த மருந்து

ஊர் மாறுகிறவர்களுக்கு, சிறுநீரகம் இடம் கொடுத்தால், ஜோலெட்ரானிக் அமிலத்தைத்தான் முதலில் பரிசீலிக்கச் சொல்வோம். 15 நிமிடத்துக்குக் குறையாமல் ட்ரிப்பில் ஏற்றும் மருந்து. புற்றுநோய்க்குப் பிறகு 4 மி.கி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று ஆண்டுவரை. ஆஸ்டியோபொரோசிஸுக்கு மட்டும் என்றால் 5 மி.கி. ஆண்டுக்கு ஒருமுறை. எலும்பில் தங்கிவிடும் மருந்து, ஆதலால் தவணை ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போனாலும் அடர்த்தி சட்டென்று சரியாது. இன்னொரு லாபமும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இவ்வகை மருந்துகள் எலும்பில் புற்று திரும்புவதையும் அதனால் வரும் மரணத்தையும் குறைக்கின்றன என்று 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது.

முதல் தவணைக்குப் பின் காய்ச்சல், உடம்பு வலி வரலாம். பாரசிட்டமால் போட்டால் மூன்று நாளில் அடங்கும். எனவே விமானத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள். அன்று தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை வேண்டாம்.

டெனோசுமாப் 60 மி.கி. ஊசி, தோலுக்கடியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நல்ல மருந்து. லெட்ரோசோல் வகை மாத்திரையில் இருப்பவர்களுக்கு எலும்பு முறிவைத் தெளிவாகக் குறைக்கிறது. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர்களுக்கும் கொடுக்கலாம், கால்சியம் அளவைக் கவனித்துக்கொண்டு. ஆனால் கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதம் தாண்டினால், அடக்கிவைத்த எலும்புத் தேய்மானம் ஒரேயடியாகத் திரும்பும். முதுகெலும்பில் ஒன்றல்ல, நாலைந்து எலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கியவர்கள் உண்டு. விசா தாமதம், இன்சூரன்ஸ் மறுப்பு, ஊர்த் திருவிழாவுக்கு வந்து தங்கிவிடுவது, இதில் எது நடந்தாலும் தேதி தவறும். அடுத்த இரண்டு ஊசிக்கு இடமும் பணமும் உறுதியாகாமல் இதைத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே தொடங்கியவர்கள் சும்மா நிறுத்தக் கூடாது. கடைசி ஊசியிலிருந்து ஆறாவது மாதம் ஜோலெட்ரானிக் அமிலம் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். சிலருக்கு அதுவும் ஒரு தவணையில் போதாது.

பெயரில் ஒரு குழப்பம்: ஒரே மருந்து அளவுக்கு ஏற்ப வேறு வேறு கம்பெனிப் பெயரில் வரும். டெனோசுமாப் 60 மி.கி. ப்ரோலியா, 120 மி.கி. எக்ஸ்ஜீவா, ஜோலெட்ரானிக் 4 மி.கி. ஜோமெட்டா, 5 மி.கி. அக்லாஸ்டா, அமெரிக்காவில் அதுவே ரீக்லாஸ்ட். சீட்டில் மருந்தின் பொதுப்பெயரும் மி.கி. அளவும் இருக்கட்டும்.

அலெண்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒரு மாத்திரை. மலிவு, எங்கும் கிடைக்கும். விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. அரைமணி நேரம் காபி கிடையாது, படுக்கவும் கூடாது. காபியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு ஒத்துவராது.

ஹார்மோன் பாசிட்டிவ் என்று உங்களைப் பற்றி அறியாத புது டாக்டர் எலும்புக்கென்று எழுதக்கூடிய மருந்துகளில், ஈஸ்ட்ரோஜன், டிபோலோன் இரண்டும் கூடவே கூடாது. லெட்ரோசோலோடு ராலாக்ஸிஃபென் சேர்க்கக் கூடாது. மார்பில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு டெரிபாராடைட் ஊசியைத் தவிர்ப்பார்கள்.

போய்ச் சேர்ந்தபின்

சாப்பாட்டையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் போதும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. உண்டு, கூழோ களியோ அங்கேயும் தொடரலாம். பிரண்டைத் துவையல் சாப்பிடுங்கள், ஆனால் அது மருந்துக்கு மாற்றாகாது. கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று என்பது நம்மூர் வழக்கம். அங்கே தினம் 800, 1,000 என்று கொடுப்பார்கள். 60,000-ஐத் தினமும் விழுங்கினால் விஷமாகும். டப்பாவின் மேல் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

சிங்கப்பூரில் நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் பெற்றோருக்கு அரசு மானியம் கிடைக்காது. அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கிய பெற்றோர், அங்கே வேலை பார்த்திராவிட்டால், ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகுதான் பணம் கட்டி மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர முடியும். பயண இன்சூரன்ஸ் பெரும்பாலும் பழைய நோய்க்குப் பணம் தராது. ஆகவே முதல் தவணையை ஊரில் போட்டு, அடுத்ததன் விலையைப் போகும் முன்பே கேட்டு வையுங்கள்.

உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு, கெண்டைக்கால் இழுப்பு வந்தால் கால்சியம் இறங்கியிருக்கலாம், அன்றே காட்டுங்கள். தொடையிலோ கவட்டையிலோ விடாத வலி இருந்தால் எக்ஸ்ரே கேளுங்கள். புதிதாக முதுகு வலித்தால் "எலும்புத் தேய்மானம்தான்" என்று தைலம் தடவிக்கொண்டிராமல், மார்பகப் புற்றுநோய் இருந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். புது டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது புற்று எலும்புக்கு வந்திருக்கிறதா என்பதைத்தான்.