மோன்டானா மாட்டுப்பண்ணை குடும்பத்த வெச்சு ஒரு கிறிஸ்தவ சரித்திர நாவல் எழுதுறது எப்படி

நான் எழுதின முதல் டிராஃப்ட்ல அப்பா தொழுவத்துல முழங்கால் போட்டு ராத்திரி பூரா ஜெபம் பண்ணுவாரு, விடியுறப்ப வெதுவெதுனு காத்து அடிக்கும், பனி உருகும், மாடெல்லாம் பொழச்சிக்கும், சுபம். படிச்ச அக்கா ஒருத்தங்க "சபையில சாட்சி சொல்ற நேரத்துல கேக்குற மாதிரியே இருக்கு தம்பி"ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டாங்க. சுருக்குனு இருந்துச்சு. அப்புறம் என் கதை நடக்குற வருஷத்தோட சரித்திரத்த ஒழுங்கா படிச்சப்பதான் தெரிஞ்சது, அந்த குளிர்காலத்துல வெதுவெதுப்பு நெஜமாவே நடுவுல ஒருதடவ வந்திருக்கு, மாடுங்கள கொன்னதுல பெரிய பங்கு அதுக்குத்தான்.

அதனால மொதல் வேல, வருஷத்தையும் இடத்தையும் பிடிங்க. "அமெரிக்காவுல ஒரு ராஞ்ச், பக்தியான குடும்பம்"னு பொதுவா ஆரம்பிச்சா கதைக்கு கால் ஊன இடமே இருக்காது. நான் எடுத்தது 1886-87 குளிர்காலம், மோன்டானா. அப்ப அது மாநிலம் கூட கிடையாது, டெரிட்டரிதான், மாநிலம் ஆனது 1889ல. 1886 கோடை மழையே இல்லாம காஞ்சு போச்சு, ஏற்கனவே அளவுக்கு மேல மாட்ட விட்டு மேச்சதுல புல்லும் மொட்டை. நவம்பர்லயே பனி ஆரம்பிச்சிடுச்சு. நடுவுல கொஞ்சம் உருகி, திரும்ப உறைஞ்சப்ப புல்லு மேல கண்ணாடி மாதிரி ஐஸ் பாளம் நின்னுச்சு. குதிரைன்னா குளம்பால பனிய பறிச்சு அடியில இருக்குற புல்ல தின்னும், மாடு அப்படி பறிக்காது. ஐஸ் கிழிச்சு கால்ல ரத்தம் வழிய காத்து தள்ளுற பக்கமா நடந்துகிட்டே போய் ஏதாவது முள்கம்பி வேலியில முட்டி நின்னு அப்படியே செத்துச்சுங்க. மோன்டானா, டகோட்டா, வயோமிங் எல்லாம் சேத்து லட்சக்கணக்குல. டகோட்டாவுல பண்ணை வெச்சிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பின்னாடி ஜனாதிபதி ஆனாரே அவர்தான், அவருக்கும் பாதிக்கு மேல போச்சு.

அந்த நேரத்துல, பின்னாடி பேர்போன ஓவியர் ஆன சார்லஸ் ரஸ்ஸல் மோன்டானாவோட ஜூடித் பேசின்ல மாடு பாத்துகிட்டிருந்தாரு. மந்தை எப்படி இருக்குனு ஓனர் தரப்புல இருந்து அந்த பண்ணை ஃபோர்மேனுக்கு லெட்டர் வந்துச்சு. ரஸ்ஸல் போஸ்ட்கார்டு சைஸ்ல எலும்பும் தோலுமா ஒத்த மாடு, சுத்தி ஓநாயிங்க, இத வரைஞ்சாரு, பதிலா போனது அந்த படம்தான். அந்த படத்த தேடி பாருங்க. இருபது பக்கம் வர்ணனை எழுதணும்னு கை துறுதுறுங்கிறது அடங்கிடும்.

அடுத்தது கணக்கு. சிரிக்காதீங்க, கதை இங்கதான் இருக்கு. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர், அஞ்சு வருஷம் குடியிருந்து பண்படுத்தினா சொந்தம். அந்த வறண்ட ஊர்ல 160 ஏக்கர வெச்சு மந்தைய மேய்க்க முடியாது, அதனால ஓடை ஓரமா வீடும் வைக்கோல் நிலமும், மாடு மேயுறது வேலி இல்லாத அரசாங்க நிலத்துல, அதே நிலத்துல பெரிய கம்பெனி மந்தைகளும். உங்க குடும்பத்துக்கு 40 மாடுனு வைங்க. ஒரு மாட்டுக்கு தினம் 10 கிலோ காஞ்ச புல்லுன்னா ஒரு நாளைக்கு 400 கிலோ. கோடையில அறுத்து அடுக்கினது 30 டன்னுன்னா 75 நாள் வரும். நவம்பர் நடுவுல போட ஆரம்பிச்சா ஜனவரி கடைசில காலி, அந்த வருஷத்தோட மோசமான பனிப்புயல் அடிச்சதும் ஜனவரி கடைசிலதான். இனிமே அப்பா ஜெபத்துல என்ன கேப்பாருனு நீங்க யோசிக்கவே வேணாம், வைக்கோல் போர பாத்தாலே தெரியும். பக்கத்து கம்பெனி மாடு பசியில வந்து அந்த போர்ல வாய் வெக்குது, விரட்டுறதா விடுறதா? விசுவாசத்த பத்தி பத்து பிரசங்கம் எழுதுறதுக்கு பதிலா இந்த ஒரு சீன எழுதுங்க.

பாஸ்டர வாராவாரம் வரவெக்காதீங்க. பிரதர் வேன்னு எல்லாரும் கூப்பிட்ட வில்லியம் வெஸ்லி வேன் ஆர்ஸ்டெல், 1872ல மோன்டானா வந்த மெதடிஸ்ட் ஊழியக்காரர், அவர மாதிரி ஆளுங்க குதிரையில ஊர் ஊரா சுத்தினவங்க. வந்தப்பதான் ஆராதனை. பனி விழுந்துட்டா அதுவும் இல்ல, வீட்டு மேசையும் வேதாகமமும்தான் சபை. குளிர்ல யாராவது செத்தா மண்ணு இரும்பு மாதிரி இறுகி கிடக்கும், குழி தோண்ட முடியாம உடம்ப கொட்டகையில வெச்சு காத்திருக்கணும். இத தைரியம் இருந்தா எழுதுங்க, இல்லன்னா விட்டுடுங்க, அரைகுறையா மட்டும் வேணாம்.

பாட்டு விஷயத்துல ஜாக்கிரதை. ஓல்ட் ரக்கட் கிராஸ் பாட்டு எழுதினதே 1913ல, அத 1887ல அம்மா பாடக்கூடாது. அமேசிங் கிரேஸ் தாராளமா பாடலாம்.

வசனத்துல இன்னொரு சிக்கல் இருக்கு, இது தமிழ்ல எழுதுறவங்களுக்கு மட்டும் வர்றது. சங்கீதம் 50:10 நம்ம வேதாகமத்துல "பர்வதங்களில் ஆயிரமாயிரமாய்த் திரிகிற மிருகங்களும்"னு இருக்கு. அவங்க கையில இருந்த கிங் ஜேம்ஸ் இங்கிலீஷ் வேதாகமத்துல அந்த இடத்துல மாடுன்னே இருக்கும். ஆயிரம் மலை மேல மேயுற மாடெல்லாம் கர்த்தரோடதுன்னு படிச்சிட்டு செத்த மாட்ட தோலுரிக்கப் போற மனுஷன் மனசுல என்ன ஓடும்? அந்த குத்தல் நம்ம வாசகருக்கு கிடைக்கணும்னா ஏதாவது ஒரு பாத்திரம் "மாடு"னு வாய்விட்டு சொல்லியே ஆகணும். ஜெபத்த மட்டும் "தேவரீர், உம்முடைய"னு வேதாகம தமிழ்ல வைங்க, சாப்பாட்டு மேசை பேச்ச சாதாரணமா வைங்க. எல்லாத்தையும் வேதாகம தமிழ்ல எழுதினா பத்து வயசு பையன் கூட ஆயர் மாதிரி பேசுவான். புருஷன் பொண்டாட்டி பேச்சுல "என்னங்க"வும் வேணாம், அது நம்ம ஊர் அடுப்படிய இழுத்துட்டு வந்துடும்.

அப்புறம், அந்த புல்வெளிய யாரும் இல்லாத காலி நிலம்னு எழுதாதீங்க. பைசன்ங்கிற காட்டெருமைய அழிச்சப்புறம், அரசாங்க ரேஷனும் பத்தாம 1883-84 குளிர்ல பிளாக்ஃபீட் பூர்வகுடி மக்கள் நூத்துக்கணக்குல பட்டினியில செத்தாங்க, அதே மோன்டானாவுல. மூணு வருஷம் முந்தின விஷயம், உங்க குடும்பத்து காதுக்கு வராம இருந்திருக்காது. "கர்த்தாவே, ஏன் எங்களுக்கு?"ன்னு அப்பா கேக்குறப்ப அம்மாவுக்கு அது ஞாபகம் வரட்டும். பதில் சொல்ல வேணாம், ஞாபகம் வந்தா போதும்.

ஆபகூக் 3:17 எப்படியும் வைப்பீங்க, "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்", யாரால சும்மா இருக்க முடியும். ஆனா கடைசி பக்கத்துல வைக்காதீங்க. ஆகஸ்ட்லயே, வைக்கோல் அறுத்துட்டு சாயங்காலம் 40 மாடும் கண்ணுக்கு தெரியுறப்ப, அப்பா அத ரொம்ப சுலபமா வாசிச்சிட்டு போயிடட்டும். மார்ச்சுல நெஜ சினூக் காத்து, அதாவது மலையில இருந்து இறங்கி பனிய உருக்குற வெதுவெதுப்பான காத்து, வந்து ஆத்துல செத்த மாடுங்க மிதந்து போறப்ப அந்த வசனத்த யாரும் எடுக்க வேணாம். பொண்ணு தொழுவத்துக்கு போய் எண்ணிட்டு வரட்டும், பதினொன்னுன்னா பதினொன்னுன்னு மட்டும் எழுதுங்க.