கல்லட்டி இறக்கத்தில் அமுங்கிய பிரேக் பெடல்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்குவதற்குள் என் ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. ஓரங்கட்டினேன். ஆறியதும் பெடல் மறுபடி இறுகிவிட்டது.

துப்பு அதில்தான் இருந்தது. கசிவு என்றால் ஆறினாலும் சரியாகாது. சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது. பெடலை மிதித்தால் ஆயில் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். டாட் 4 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டால் அது 155 வரை இறங்கலாம்.

பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் புது காலிப்பர் போடச் சொன்னார்கள். பார்க்க அழகுதான், ஆனால் பழைய ஆயில் இருக்கும்வரை அது வீண் செலவு. பழையதை முழுதாக வெளியேற்றி, கொதிநிலை இன்னும் அதிகமான டாட் 5.1 ஊற்றினேன். நண்பர் பெடலை மிதிக்க, ஒவ்வொரு சக்கரத்திலும் குமிழ் வருவது நிற்கும்வரை ஆயிலை வெளியே விட்டேன். டாட் 5 வேறு, அது சிலிக்கோன். இதோடு கலக்கவே கூடாது. அப்புறம் அதிகச் சூடு தாங்கும் பிரேக் பேடும் போட்டேன்.

இப்போது அதே இறக்கத்தில் பெடல் கல் மாதிரி நிற்கிறது. இரண்டாம் கியரில்தான் இறங்குகிறேன். ஆயிலை வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுகிறேன்.