"ஐஸ் பொட்டி வேணும்"னு சொன்னா அது ரெக்வயர்மெண்ட் ஆயிராது

புதுசா ஒரு பொருள் டிசைன் பண்ணப் போறீங்கன்னா மொத வேலை கம்ப்யூட்டர்ல படம் போடுற கேட் (CAD) சாஃப்ட்வேரத் தொறக்குறது இல்ல, யாருக்கு என்ன வேணும்னு கேட்டு, அத நாளைக்கு அளந்து பாக்குற மாதிரி எழுதி வைக்கிறது, அதத்தான் ரெக்வயர்மெண்ட்டுங்கிறது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற தம்பி தங்கச்சிங்க நெறைய பேரு இத தாண்டிக் குதிச்சு நேரா த்ரீடி மாடல் போட்ருதீங்க, அதான் எழுதுறேன். உதாரணத்துக்கு நம்ம மதுரை மல்லிய எடுத்துக்குவோம், 2013ல புவிசார் குறியீடு வாங்குன பூவு, தோட்டத்துல இருந்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு சாக்குலயும் கூடைலயும் வருது. அதுக்கு ஒரு பொட்டி செய்யணும்னு வைங்க.

யார் யாரக் கேக்கணும்? காசு குடுத்து வாங்கப் போற சம்சாரிய மட்டும் கேட்டீங்கன்னா போச்சு. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் கருக்கல்ல பறிக்கிற ஆளுக, பைக்லயோ பஸ்லயோ கொண்டாறவரு, கமிஷன் கடைக்காரரு, தராசுல நிக்கிறவரு, பூக்கட்டுற அக்காமாரு, எல்லாரு கையிலயும் அந்தப் பொட்டி பட்டுத்தான் போகும். இதுல தராசுக்காரர நான் ரொம்ப முக்கியமா சொல்லுவேன், ஏன்னா முகூர்த்த நாள்ல கிலோ ஆயிரக்கணக்குல போறப்ப காலிப் பொட்டியோட வெயிட்டு ஒண்ணுக்கொண்ணு நூறு கிராம் வித்தியாசம்னா அங்கனயே சண்ட வந்துரும். சாக்க மடிச்சு சீட்டுக்கடியில சொருகி ஊருக்குப் போயிரலாம், பொட்டிய என்ன செய்ய? இதெல்லாம் வீட்ல ஒக்காந்து யோசிச்சா தோணாது, விடியக்காலைல போயி ஓரமா நின்னு பாக்கணும்.

கேக்குறதுலயும் ஒரு பக்குவம் இருக்கு. "என்னண்ணே வேணும்"னு கேட்டா "ஐஸ் பொட்டி ஒண்ணு செஞ்சு குடுங்க தம்பி"ம்பாரு. அது அவரு யோசிச்ச தீர்வு, தேவை அதுக்கு அடியில இருக்கு. அதுனால "கடைசியா எப்பண்ணே பூவு வீணாச்சு, அன்னைக்கு என்ன நடந்துச்சு"ன்னு கேளுங்க. மொட்டாப் பறிச்ச பூ வழியிலயே விரிய ஆரம்பிச்சிருச்சு, வெளியூருக்கு அனுப்புற ஏவாரி எடுக்கல, வந்த வெலைக்குத் தள்ளிட்டு வந்தேன்னு கத வரும். இப்ப தெரிஞ்சிருச்சா, அவருக்கு வேண்டியது ஐஸ் இல்ல, விக்கிற வரைக்கும் மொட்டு மொட்டாவே இருக்கணும். பறிச்ச பூவும் மூச்சு விடும், அமுக்கிக் கட்டுன சாக்குக்குள்ள அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம ஏறும், அப்ப காத்தோட்டம் குடுத்தாலே பாதி வேலை முடியலாம், ஐஸ் அதுல ஒரு வழி, அவ்வளவுதான்.

இனிமே அத எழுதணும். "பூ ஃப்ரெஷ்ஷா இருக்கணும்"னு எழுதுனா ஃப்ரெஷ்ஷுன்னா என்னன்னு உங்களுக்கும் வாத்தியாருக்கும் தகராறுதான். "வெளிய 38 டிகிரி வெயில், உள்ள 15 கிலோ மொட்டு, 4 மணி நேரம் வரைக்கும் பொட்டிக்குள்ள எந்த எடத்துலயும் 25 டிகிரியத் தாண்டக்கூடாது", இது ரெக்வயர்மெண்ட். நம்பரெல்லாம் நான் சும்மா போட்டது, நீங்க அளந்து போடுங்க. ஒரு வாக்கியத்துல ஒரு விஷயம்தான். பக்கத்துலயே இது யாரு சொன்னது, எப்படி டெஸ்ட் பண்ணுவோம்னு ரெண்டு காலம் (column) போட்ருங்க, பின்னாடி செலவக் குறைக்கச் சொல்லி எதையாச்சும் வெட்டுறப்ப யாருகிட்ட போயி கேக்கணும்னு தெரியும். ஐஎஸ்ஓ 29148னு இதுக்கே ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, 2011ல வந்து 2018ல திருத்துனாங்க, அதுலயும் ரெக்வயர்மெண்ட்டு ஒத்த அர்த்தம் தரணும், சோதிச்சுப் பாக்குற மாதிரி இருக்கணும்னுதான் சொல்றாங்க.

அடுத்து மோதல் வரும். சூடு ஏறாம இருக்க சுவரு தடியா வேணும், தடியா இருந்தா மடங்காது, பைக் கேரியர்லயும் நிக்காது, வெலையும் ஏறும். இதக் கண்ணுக்கு முன்னாடி கொண்டாறதுக்குத்தான் ஹவுஸ் ஆஃப் குவாலிட்டின்னு ஒரு கட்டம், 1972 வாக்குல ஜப்பான்ல மிட்சுபிஷியோட கோபே கப்பல் தளத்துல இருந்து வந்தது. எக்செல்லயே போடலாம், இடது பக்கம் ஆளுக தேவை, மேல நீங்க அளக்கப் போற விஷயம், நடுவுல ரெண்டுக்கும் சம்பந்தம் எவ்வளவுன்னு மார்க்கு, நெறைய இருந்தா 9, நடுத்தரம்னா 3, கொஞ்சம்னா 1, கூரை மாதிரி முக்கோணத்துல எது எதோட மோதுதுன்னு குறி. மார்க்கக் கூட்டி வர்ற டோட்டல நான் பெருசா நம்ப மாட்டேன். எனக்குப் புடிச்சது காலியாக் கெடக்குற வரிசைதான். ஒரு தேவைக்கு நேரா ஒண்ணுமே இல்லையா, அந்தாள மறந்துட்டீங்க. மேல ஒரு அயிட்டத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லையா, அது நீங்க ஆசப்பட்டு சேத்த ப்ளூடூத்து, எடுத்துருங்க.

சிலத யாருமே வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, உள்ள தண்ணி தேங்கக்கூடாது, ஓரம் கையக் கிழிக்கக்கூடாதுங்கிற மாதிரி, அதெல்லாம் இருந்தே ஆகணும்னு நெனைக்கிறதால சொல்லத் தோணாது, நீங்களா எழுதிக்கங்க.

எழுதி முடிச்சதும் அதே ஆளுககிட்ட திரும்பப் போயி வாசிச்சுக் காட்டுங்க. அதே சைசுல ஒரு அட்டைப்பொட்டி செஞ்சு பைக்ல கட்டி ஓட்டிப் பாக்கச் சொன்னா இன்னும் நல்லது, நாலு வரி அங்கனயே மாறும். டெஸ்ட்ட சித்திரை வெயில்ல வைங்க, மார்கழில வெயிலும் கம்மி பூ வரத்தும் கம்மி, அப்ப வச்சா எந்தப் பொட்டியும் பாஸாயிரும்.