பெட்ரோல் காரிலிருந்து மாறியவர்களுக்கு: மின்சார காருக்குச் சார்ஜ் போடும் வழக்கத்தை அமைப்பது எப்படி?

மின்சார கார் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கான பதிவு இல்லை இது. கார் வாசலுக்கு வந்துவிட்டது, ஆனால் சார்ஜை எப்போது போடுவது, எங்கே போடுவது, எவ்வளவு போடுவது என்று பிடிபடவில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆப்பை இறக்குவது, கணக்குத் திறப்பது எல்லாம் ஷோரூமிலேயே காட்டியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வேகத்தில் பெட்ரோல் பங்க்கை எந்த சார்ஜரும் நெருங்க முடியாது, இதில் மழுப்ப ஒன்றுமில்லை. பம்ப் நிமிஷத்துக்குச் சுமார் 35 லிட்டர் ஊற்றும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அது 500 கிலோமீட்டருக்கும் மேல். பொது இடங்களில் வேகமாக ஏற்றும் டிசி சார்ஜர், 150 கிலோவாட் வகை, முழு வேகத்தில் கொடுத்தாலும் நிமிஷத்துக்கு இரண்டரை யூனிட்தான். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால் 15 கிலோமீட்டர். வீட்டுச் சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டியான 7.4 கிலோவாட் வால்பாக்ஸில் ஒரு மணி நேரம் போட்டால் 40 கிலோமீட்டர் அளவுக்கு ஏறும்.

ஆனால் பங்க்குக்கு நீங்கள் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், ஊற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். வீட்டில் போடும்போது உங்கள் வேலை பிளக்கைச் செருகுவது, காலையில் உருவுவது, அவ்வளவுதான். நடுவில் கார் எத்தனை மணி நேரம் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு என்ன? அதனால் சார்ஜ் போடுவதற்கென்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கார் எப்படியும் சும்மா நிற்கிற இடத்தில் போடுங்கள். கீழே வருகிற படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வேண்டும்?

பேட்டரி எவ்வளவு பெரியது என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தினமும் எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். 40 கிலோமீட்டர் என்றால் சுமார் ஆறரை யூனிட். சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதம் போல வீணாகும், ஆக ஏழு யூனிட். 230 வோல்ட் வரும் வீட்டில் 10 ஆம்பியர் சாக்கெட் 2.3 கிலோவாட் தரும், மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. 120 வோல்ட் நாடுகளில் ஐந்தாறு மணி நேரம் ஆகும், அதுவும் ஒரு இரவுக்குள் அடக்கம்.

படி 2: சாக்கெட் போதுமா, வால்பாக்ஸ் வேண்டுமா?

தினசரி ஓட்டம் குறைவு என்றால் சாக்கெட்டே போதும். ஆனால் இஸ்திரிப் பெட்டியைப் பத்து நிமிஷம் செருகுவது வேறு, காரை ராத்திரி முழுக்கச் செருகி வைப்பது வேறு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். எர்த் சரியில்லை என்றால் காரோடு வரும் சார்ஜர் பெரும்பாலும் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுக்கும். அதை ஏமாற்றி ஓட்ட வழி தேடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள்.

வால்பாக்ஸ் வாங்குவதாக இருந்தால், கேபிள் அதிலேயே பொருத்தி வரும் வகையைத்தான் நான் சொல்வேன். மழையில் டிக்கியைத் திறந்து கேபிளை எடுத்து, முடிந்ததும் ஈரத்தோடு சுருட்டி வைக்கிற வேலை ஒரே மாதத்தில் அலுத்துவிடும்.

வாங்கும் முன் காரின் ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று கையேட்டில் பாருங்கள். வால்பாக்ஸ் என்பது வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட்டைப் பாதுகாப்பாகத் தரும் ஒரு சுவிட்ச் மட்டுமே. அந்தக் கரண்ட்டைப் பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றுவது காருக்குள் இருக்கும் அந்தப் பெட்டி. அது 7.4 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் வால்பாக்ஸ் மாட்டினாலும் 7.4தான் ஏறும்.

படி 3: டைமர் (இதை நிதானமாகப் படியுங்கள்)

இரவில் கரண்ட் கட்டணம் குறைவாக இருக்கும் இடங்களில் எல்லோரும் டைமர் வைப்பார்கள். எனக்கு அதிகம் தலைவலி கொடுத்ததும் இதுதான். இரவு செருகினால் பச்சை விளக்கு எரியும், காலையில் பார்த்தால் ஒரு சதவீதம்கூட ஏறியிருக்காது. கேபிளில் கோளாறு இல்லை, வால்பாக்ஸில் கோளாறு இல்லை, காரிலும் இல்லை. டைமர் இரண்டு இடத்தில் இருந்தது. வால்பாக்ஸ் நள்ளிரவிலிருந்து மூன்று மணிவரை கரண்ட் தரும், கார் மூன்று மணிக்கு மேல்தான் வாங்கும். இரண்டும் சொன்னபடி சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தன.

ஆகவே டைமர் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். என் ஓட்டு காருக்கு. சாதாரண ஏசி இணைப்பில் பேட்டரி எத்தனை சதவீதம் என்பது வால்பாக்ஸுக்குத் தெரியாது, காருக்கு மட்டுமே தெரியும். இன்னொன்று, வெகுநேரம் கரண்ட் வராவிட்டால் சில கார்கள் அப்படியே தூங்கிவிடும். பிறகு வால்பாக்ஸ் கரண்ட்டைத் திறந்துவிட்டாலும் எழுந்திருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். வால்பாக்ஸ் ஆப்பில் எல்லா அட்டவணையையும் அழித்துவிட்டு, செருகியவுடன் கரண்ட் தரும்படி வையுங்கள். காரில் 'உடனே சார்ஜ்' கொடுத்து ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் நிறுத்திவிட்டு, பத்து நிமிஷம் கழித்துத் தொடங்கும்படி காரில் டைமர் வையுங்கள். அந்தப் பத்து நிமிஷமும் அங்கேயே நின்று, தானாகத் தொடங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே ராத்திரி நேரத்துக்கு மாற்றுங்கள்.

காரில் 'தொடங்கும் நேரம்' என்றும் 'கிளம்பும் நேரம்' என்றும் இரண்டு வகை இருக்கலாம். இரண்டாவதில் கார் தானே பின்னோக்கிக் கணக்குப் போட்டு, விடியும் தறுவாயில்கூடத் தொடங்கும். நடுராத்திரியில் எழுந்து பார்த்துவிட்டுப் பதறாதீர்கள்.

படி 4: எத்தனை சதவீதத்தில் நிறுத்துவது?

கார் பேட்டரிகளில் என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது), எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட்) என்று இரண்டு வகை பரவலாக உண்டு. என்எம்சி என்றால் தினசரிக்கு 80, நீண்ட பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100. எல்எஃப்பி வகை என்றால் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அதன் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால், நடுவில் எத்தனை சதவீதம் என்று கார் துல்லியமாகக் கணிக்க முடியாது. முழுதாக ஏறினால்தான் கணக்கு நேராகும். எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும், கையேடு சொல்வதே முடிவு.

படி 5: நீண்ட பயணம்

இங்கே பெட்ரோல்தான் வசதி. ஆனாலும் சரியாகச் செய்தால் வித்தியாசம் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் அடங்கிவிடும்.

பங்க் பழக்கத்தில் எல்லோரும் செய்வது, கிடைத்த இடத்தில் ஃபுல் பண்ணிக்கொள்வது. டிசி சார்ஜரில் அது வேண்டாம். பேட்டரி காலியாக இருக்கும்போது கரண்ட்டை வேகமாக வாங்கும், நிரம்ப நிரம்ப வேகம் குறையும். செல்லின் வோல்டேஜ் உச்சவரம்பை நெருங்கும்போது கரண்ட்டைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் செல் கெடும். பல கார்களில் 10லிருந்து 80 வரை ஏற அரை மணி நேரம் என்றால், மீதி 20க்கு ஏறக்குறைய இன்னொரு அரை மணி. எனவே பத்து பதினைந்து சதவீதத்தில் போய்ச் சேர்ந்து, அடுத்த நிறுத்தத்துக்குப் போதுமானதை ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். நீளமான ஒரு நிறுத்தத்தைவிடக் குட்டி நிறுத்தங்கள் இரண்டு மேல்.

சார்ஜர் இருக்கும் இடத்தைக் காரின் நேவிகேஷனிலேயே போடுங்கள், போனில் வேண்டாம். அப்போதுதான் பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைத் தகுந்த சூட்டுக்குக் கொண்டுவரும். குளிரில் இதைச் செய்யாமல் போனால் சார்ஜர் 150 கிலோவாட்டாக இருந்தாலும் 40, 50க்கு மேல் ஏறாமல் தவிக்கும். பயணத் திட்டத்துக்கு ஏ பெட்டர் ரூட்பிளானர், சார்ஜர் வேலை செய்கிறதா என்று பார்க்க பிளக்ஷேர், எனக்கு இந்த இரண்டு ஆப்பும் போதும்.

'350 கிலோவாட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டிசி சார்ஜர்களில் பரவலாக இருக்கும் சிசிஎஸ் வகைக் கேபிளில் வழக்கமாக 500 ஆம்பியர் வரைதான் போகும். 400 வோல்ட் காருக்கு அது 200 கிலோவாட். 350க்குக் கிட்டே போக 800 வோல்ட் கார் வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு கேபிள் இருந்தால், பக்கத்தில் ஆள் இல்லாததாகப் பார்த்து நில்லுங்கள். பலவற்றில் திறன் இரண்டாகப் பிரியும்.

வீட்டில் போட வழியில்லாதவர்கள்

பார்க்கிங்கில் பிளக் இல்லை, அலுவலகத்திலும் இல்லை என்றால் மேலே சொன்ன வசதியில் பாதி உங்களுக்குக் கிடைக்காது. வாரம் ஒருமுறை டிசி சார்ஜர் முன் காத்திருப்பதைவிடப் பங்க் லேசான வேலைதான். கடை, ஜிம் என்று எப்படியும் ஒரு மணி நேரம் காரை விட்டுவிட்டுப் போகும் இடத்தில் ஏசி சார்ஜர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பின்சேர்க்கை 1: "பொது ஏசி சார்ஜரில் செருகினால் ஏறவே இல்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். படி 3ல் வைத்த டைமர்தான் காரணம், கார் அங்கேயும் ராத்திரிக்காகக் காத்திருக்கிறது. டைமரை வீட்டு இடத்துக்கு மட்டும் பொருந்தும்படி வைக்க முடிந்தால் வையுங்கள். இல்லையென்றால் 'உடனே சார்ஜ்' பொத்தானை அழுத்துங்கள்.

பின்சேர்க்கை 2: பிளக் வெளியே வரமாட்டேன் என்கிறதா? இழுக்காதீர்கள், கார் பூட்டிப் பிடித்திருக்கும். முதலில் ஆப்பில் அல்லது சார்ஜரில் சார்ஜை நிறுத்துங்கள். பிறகு சாவியால் காரை ஒருமுறை பூட்டித் திறங்கள். டிசி கேபிள் கனமாகத் தொங்கினால் பூட்டின் முள் இறுகிக்கொள்ளும், பிளக்கை ஒரு கையால் லேசாக மேலே தாங்கிக்கொண்டு மறுபடி திறந்து பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், பல கார்களில் பானெட்டுக்கு அடியிலோ டிக்கியின் பக்கவாட்டிலோ இழுத்து விடுவிக்கும் ஒரு சின்ன வளையம் இருக்கும். அது எங்கே என்று இன்றைக்கே கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.