டேங்க் மாடலில் கைக்கருவி செய்யும் சேதாரங்கள்

டேங்க் மாடல் கட்ட ஆரம்பிப்பவர்கள் முதலில் கேட்பது "என்னென்ன டூல்ஸ் வாங்கணும்?" என்பதுதான். நல்ல நிப்பர் (பாகங்களை வெட்டி எடுக்கும் சின்னக் குறடு) ஒன்று, கத்தி, இரண்டு மூன்று அரம், உப்புத்தாள், சாமணம், விரலால் உருட்டித் துளை போடும் பின் வைஸ். இவ்வளவு இருந்தால் பெரும்பாலான கிட்களை முடித்துவிடலாம். மாடல் கெடுவது கருவி போதாததால் அல்ல. பிளாஸ்டிக்குக்கு வாங்கியதைப் பித்தளையில் வைப்பதாலும், நிஜ டேங்கில் இருக்கிற கரடுமுரடைக் கிட்டின் குறை என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிடுவதாலும்தான்.

இங்கே சொல்வதெல்லாம் 1/35 அளவுக்கு. (ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியா 1960களின் தொடக்கத்தில் பேந்தர் டேங்க் மாடலைக் கொண்டுவந்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று வைத்த அளவுதான் பிறகு 1/35 என்று நிலைத்துவிட்டது. பெரிய கணக்குப் போட்டு எடுத்த முடிவெல்லாம் இல்லை.) மாடலில் 1 மி.மீ. என்றால் நிஜத்தில் 3.5 செ.மீ. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிப்பர். பாகத்தை ஒட்டியே ஒரே வெட்டில் எடுப்பது எல்லோரும் செய்கிற தவறு. அந்த அழுத்தத்தில் பிளாஸ்டிக் உள்ளே கிழிந்து, வெட்டிய இடம் வெளுத்துப்போகும், சில சமயம் பாகத்திலேயே சின்னக் குழி விழுந்துவிடும், அப்புறம் அதற்கு புட்டி வைக்க வேண்டும். முதலில் கொஞ்சம் தள்ளி வெட்டி ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து) விடுவியுங்கள், பிறகு மிச்சத் துண்டை நிப்பரின் தட்டையான பக்கம் பாகத்தைப் பார்த்து இருக்கும்படி வைத்து இன்னொரு வெட்டு, கடைசியில் தெரியும் சின்ன மேட்டைக் கத்தியால் சீவினால் போதும். ஜெர்மானியரின் டைகர் டேங்கில், ஆரம்பகால வண்டிக்குப் பக்கத்துக்கு 24 சக்கரங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து 48. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இடத்தில் வெட்ட வேண்டியிருக்கும் என்பதால், பழக்கம் சரியாக இல்லாவிட்டால் குழியும் அத்தனை மடங்கு.

காட்ஹேண்ட் கம்பெனியுடையது மாதிரி ஒற்றைக் கூர் நிப்பர் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் ஒரு தாடை மட்டுமே கத்தி, மற்றது வெட்டுப்பலகை போல நிற்கும், அதனால்தான் வெட்டு அவ்வளவு வழவழப்பாக வருகிறது. ஆனால் அந்த அலகு மிக மெல்லியது. வெட்டும்போது மணிக்கட்டைக் கொஞ்சம் முறுக்கினாலும், தடித்த ஸ்ப்ரூவில் வைத்தாலும், கம்பியை வெட்டினாலும் முனை உடையும். தடித்ததை வெட்டப் பழைய நிப்பர் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

கத்தியில் பெரிய தவறு மழுங்கிய பிளேடைப் பிடித்துக்கொண்டு உழைப்பது. மழுங்கினால் அதிகம் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரல். சர்ஜிக்கல் பிளேடு பயன்படுத்துகிறவர்கள் கைப்பிடி எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்: 10, 11, 15 எண் பிளேடுகள் 3-ஆம் எண் கைப்பிடிக்குப் பொருந்தும், 20-லிருந்து தொடங்கும் பெரிய பிளேடுகளுக்கு 4-ஆம் எண் வேண்டும். இந்தப் பிளேடுகள் சீவுவதற்கு அருமை, நெம்புவதற்கு ஆகவே ஆகாது. ஒட்டிய பாகத்தைப் பெயர்க்க முனையை உள்ளே விட்டு நெம்பினால் நுனி ஒடிந்து தெறிக்கும், எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. பிளேடு மாற்றும்போது விரலால் இழுக்காமல் குறடால் பிடித்துக் கழற்றுங்கள்.

இப்போது தேய்ப்பதற்கு வருவோம், அதிக சேதாரம் இங்கேதான்.

கார் மாடல், விமான மாடல் கட்டிவிட்டு டேங்குக்கு வருகிறவர்களுக்குக் கண்ணில் படுகிற கோட்டையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கும் பழக்கம் இருக்கும். டேங்கில் அது ஆகாது. டைகர் 1 தட்டைத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்துப் பற்றவைத்த வண்டி, அதன் விளிம்புகள் கூராக நிற்க வேண்டும். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் விரலின் வளைவு தகட்டுக்கும் வந்து, விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிவிடும். தட்டை இடத்துக்குத் தட்டையான முதுகு வேண்டும், ஒரு மரப்பட்டியில் இருபக்க டேப் போட்டு உப்புத்தாளை ஒட்டிக்கொண்டாலே போதும்.

வார்ப்பில் செய்த வண்டிகளுக்கு வேறு கதை. சோவியத் டேங்கான டி-34/85-இன் டரட்டை (பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்பகுதியை)ச் சுற்றி ஓடுகிற கோடு கிட்டின் அச்சுக்கோடு இல்லை, நிஜ டரட்டிலேயே வார்ப்பு அச்சுகள் சேர்ந்த இடம் அப்படித்தான் தடித்துத் தெரியும். அதைப் பொறுமையாக, அரை மணி நேரம் செலவழித்து, ஆயிரம் நம்பர் தாள் வரை போய் அழித்துவிட்டு "எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க" என்று படம் போடுகிறவர்கள் உண்டு. அமெரிக்க ஷெர்மன் டேங்கில் எம்4ஏ1 வகையின் மேல் ஹல் (உடற்பகுதி) வார்ப்பு, எம்4ஏ3 வகையில் அது பற்றவைத்த தகடு, எனவே கருவியைக் கையில் எடுக்கும் முன் எந்த மாடல் என்று ஒரு நிஜப் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது. வார்ப்புச் சொரசொரப்பு தேய்ந்து போயிருந்தால் மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற தடித்த பிரைமரைத் தாராளமாகப் பூசி, காய்வதற்குள் பழைய முரட்டுத் தூரிகையின் முனையால் குத்திக்குத்தி எடுத்தால் திரும்ப வரும்.

வெல்டிங் தழும்பு இன்னும் நுணுக்கமானது. நிஜத்தில் ஒன்றிரண்டு செ.மீ. அகலமுள்ள தழும்பு என்று வைத்தால் மாடலில் 0.3-லிருந்து 0.6 மி.மீ. புட்டியை நேரடியாக டியூபிலிருந்து பிதுக்கினால் புழு மாதிரி நிற்கும். ஸ்ப்ரூவைச் சுடரில் காட்டி இழுத்து மெல்லிய இழையாக்குங்கள், அந்த இழையைத் தகடுகள் சேரும் மூலையில் வைத்து மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்ட்டை, அதாவது பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசையைத் தூரிகையால் இரண்டு மூன்று முறை ஓடவிடுங்கள். சில நிமிடத்தில் இழை இளகிவிடும். அப்போது கத்தியின் முதுகையோ மழுங்கிய பிளேடையோ சற்றுச் சாய்த்து, நெருக்கமாக, பிறை பிறையாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே அழுத்தினால் இழை நகர்ந்துவிடும், ரொம்பத் தாமதித்தால் தடம் பதியாது. இடைவெளி எல்லாம் ஒரே சீராக வர வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம்.

சிம்மரிட் பற்றி ஒரு வரி. ஜெர்மன் டேங்குகளின் மேல் பூசிய அந்த வரிவரியான பசையைப் புட்டியில் ரம்ப பிளேடை அழுத்திச் செய்யலாம், ஜாலியான வேலை. ஆனால் தொழிற்சாலையில் அதைப் பூசியது 1943-இன் பிற்பகுதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை மட்டுமே. துனீசியாவில் 1943 ஏப்ரலில் பிடிபட்டு இன்று பவிங்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிற டைகர் 131-இல் சிம்மரிட் கிடையாது.

பீரங்கிக் குழல் இரண்டு பாதியாக வந்தால் ஒட்டிய கோட்டை அரத்தால் நீளவாக்கில் இழுக்காதீர்கள், தட்டையான பட்டை விழும், குழல் உருண்டையாகவே இருக்காது. பிளேடை நிமிர்த்திப் பிடித்துக் கோட்டை மட்டும் சுரண்டுங்கள், பிறகு உப்புத்தாளை மெல்லிய நாடாவாக வெட்டி, குழலைச் சுற்றிப் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும்.

துளை போடுவதிலும் அளவு பார்க்க வேண்டும். 88 மி.மீ. பீரங்கியின் வாய் 1/35-இல் சுமார் 2.5 மி.மீ., 7.92 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிக்கு 0.23 மி.மீ. வருகிறது, அதற்கு 0.3 பிட் போட்டால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். 0.5 போட்டால் குழலின் சுவரே பிளந்துவிடலாம். எடுத்த எடுப்பில் பிட்டை வைத்தால் அது ஓரத்துக்கு ஓடும், ஊசி முனையால் நடுவில் ஒரு புள்ளி குத்திக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சுற்று சுற்றியதும் நேராகப் பார்த்து, விலகியிருந்தால் அப்போதே திருத்திவிடலாம். மோட்டார் டிரில்லில் மெல்லிய பிட்டைப் போட்டு ஓட்டாதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் உருகிப் பிட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஃபோட்டோ எட்ச் பித்தளைப் பாகம் (ரசாயனத்தால் அரித்துச் செய்த மெல்லிய தகடு) வாங்கியதுமே அதற்கென்று தனிக் கருவி ஒதுக்கிவிடுங்கள். பச்சை நிற கட்டிங் மேட்டின் மேல் வைத்து வெட்டினால் மேட் கீழே அமுங்கி, பாகம் வெட்டு விழும் இடத்தில் வளைந்துவிடும். பழைய டைல்ஸ் துண்டின் மேல் வைத்து வெட்டினால் அந்தப் பிரச்சினை இல்லை. மடிக்க உள்பக்கம் வரி போட்ட குறடு வேண்டாம், பித்தளையில் பல் தடம் விழும், தாடை வழவழப்பாக இருக்கிற தட்டை மூக்குக் குறடுதான் தேவை. வளைவாக உருட்ட வேண்டிய மட்கார்டு மாதிரிப் பாகத்தைச் சுடரில் மங்கிய சிவப்பு வரும் வரை காட்டி ஆறவிட்டால் துவண்டு கொடுக்கும். கூர்மடிப்பு வேண்டிய பாகத்தை இப்படிச் சுடாதீர்கள், விளிம்பு நேராக நிற்காது. பிளாஸ்டிக் சிமெண்ட் பித்தளையில் ஒட்டாது, சூப்பர் க்ளூதான்.

சொந்தமாக ஏதாவது மாற்றிக் கட்டப் பிளாஸ்டிக் ஷீட் வாங்கினால், அதை முழுக்கக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இரும்பு ஸ்கேலை வைத்து இரண்டு மூன்று முறை மெதுவாகக் கீறிவிட்டு, கோட்டில் ஒடித்தால் நேராகப் பிரியும். பிளாஸ்டிக் ஸ்கேல் வைத்தால் கத்தி முதலில் ஸ்கேலைத்தான் சீவும்.

ரெசின் பாகத்தோடு ஒட்டியே வரும் வார்ப்புக்கட்டையை ரம்பத்தால் அறுக்கும்போது மாஸ்க் போடாமல் உட்காராதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. ரம்பத்தில் சில இழுக்கும்போது வெட்டும், சில தள்ளும்போது வெட்டும், பல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

செலவு என்று பார்த்தால் நிப்பருக்கும் சாமணத்துக்கும் தாராளமாகவே போடுங்கள். சாமணத்தின் இரு முனையும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாவிட்டால் சின்னப் பாகம் துள்ளிப் போய்த் தரைவிரிப்பில் ஐக்கியமாகிவிடும். அரத்துக்கு அவ்வளவு செலவு தேவையில்லை, நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கிற நுண் அரம் தாராளமாகப் போதும். ஒரு செட் பிளாஸ்டிக்குக்கு, இன்னொன்று பித்தளைக்கு என்று இரண்டு வாங்கி, கைப்பிடியில் ஆளுக்கொரு நிறத்தில் டேப் சுற்றிவிடுங்கள்.