டெஸ்ட் பெஞ்ச் கெர்னலை மாற்றப் போகிறீர்களா? முதலில் ஒரு ராத்திரி அளந்து வையுங்கள்

கோவையில் மோட்டார் கன்ட்ரோலர் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் கன்ட்ரோலரைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சைக் கட்டி மேய்ப்பது என் வேலை. நாலு கோர் கம்ப்யூட்டர், சிக்னல் வாங்கிக் கொடுக்க ஒரு கார்டு, அவ்வளவுதான். நிஜ மோட்டார் கிடையாது. 100 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை எங்கள் புரோகிராம் கணக்குப் போட்டு, ‘நான் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று கன்ட்ரோலரிடம் பொய் சொல்லும். பொய் தாமதமாக வந்தால் கன்ட்ரோலர் ட்ரிப் ஆகி நின்றுவிடும்.

இந்த மெஷினை டெபியன் லினக்ஸ் 12-இலிருந்து 13-க்கு மாற்றினேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 6.1 போய் 6.12 வந்தது. அவசர வேலையைக் குறித்த நேரத்துக்கு ஓட வைக்கும் ‘ரியல் டைம்’ (ஆர்டி) வசதி ப்ரீஎம்ப்ட்-ஆர்டி. இருபது வருடம் தனி பேட்ச்சாகவே வளர்ந்த அது, 2024 செப்டம்பரில் மூல கெர்னலுக்குள் சேர்ந்தது. அதை வளர்த்தவர்களில் ஒருவரான தாமஸ் கிளைக்ஸ்னர், அதைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையைத் தங்கநிறக் காகிதத்தில் சுற்றி, வியன்னாவில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கையிலேயே கொடுத்தார். சீர்வரிசை மாதிரி!

மூலத்திலேயே வந்துவிட்டதே, சாதாரண கெர்னலைப் போட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கெர்னலைக் கட்டும்போது அந்த வசதியை இயக்கியிருக்க வேண்டும். டெபியனில் ஆர்டி என்று பெயரில் இருக்கும் தனி பேக்கேஜைத்தான் நிறுவ வேண்டும். பூட் ஆனதும் யூநேம் கட்டளையில் பதிப்பு விவரத்தைக் கேளுங்கள். ப்ரீஎம்ப்ட்-ஆர்டி என்ற பெயர் அதில் வராவிட்டால் மேற்கொண்டு எதையும் அளப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் இதெல்லாம் இரண்டாம் நாள் வேலை. முதல் நாள், பழைய கெர்னலிலேயே அளந்து வையுங்கள். ஆர்டி-டெஸ்ட்ஸ் பேக்கேஜில் வரும் சைக்ளிக்டெஸ்ட், தூங்கும் த்ரெட் குறித்த நேரத்தைவிட எவ்வளவு தாமதமாக எழுகிறது என்று அளக்கும். அதற்கு நான் கொடுப்பது இது: கோருக்கு ஒரு த்ரெட், முன்னுரிமை 95, இடைவெளி 200 மைக்ரோ விநாடி, மெமரி பூட்டப்பட்டிருக்க வேண்டும், தாமதங்களின் ஹிஸ்டோகிராம் 400 மைக்ரோ விநாடி வரை. சும்மா இருக்கும் மெஷினில் ஓட்டினால் எண் எல்லாம் அழகாகத்தான் வரும். ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற புரோகிராமில் சிபியு, டிஸ்க், மெமரி மூன்றுக்கும் பாரம் ஏற்றிவிட்டு, சாயங்காலம் கிளம்பும்போது ஓட விட்டுக் காலையில் பாருங்கள். சராசரியைப் பார்க்கவே வேண்டாம். அதிகபட்சம் எவ்வளவு, ஹிஸ்டோகிராமின் வால் எங்கே முடிகிறது, இந்த இரண்டும் போதும். காகிதத்தில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

பயாஸ் அப்டேட்டையும் ‘வந்ததோடு வந்தது’ என்று சேர்த்துச் செய்யாதீர்கள். நாளைக்கு எண் கெட்டால் யாரைக் குற்றம் சொல்வது? கெர்னலுக்கே தெரியாமல் பயாஸ் திருடும் நேரத்தைக் கண்டுபிடிக்க ஹெச்டபிள்யூலாட்-டிடெக்ட் என்ற கருவி இருக்கிறது. அதையும் ஒருமுறை ஓட்டிக் குறித்து வையுங்கள்.

கார்டு டிரைவர் கெர்னலோடு வராமல் தனியாகக் கிடைத்ததென்றால் புதிய கெர்னலுக்காக மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். பழைய கெர்னல் பூட் மெனுவில் இருக்கட்டும்.

இனி நான் மாட்டிக்கொண்ட கதை. அப்டேட் முடிந்து, அதே பாரத்தில் சைக்ளிக்டெஸ்ட் ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. பழைய எண்ணைவிட நன்றாகவே வந்தது. சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பாரத்தை நிறுத்தாமலே எங்கள் புரோகிராமை ஓட்டினால், கன்ட்ரோலர் ட்ரிப். மறுபடி ஓட்டினாலும் ட்ரிப். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் பதிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, விநாடிக்கு ஒருமுறை 50 மில்லி விநாடி காணாமல் போகிறது. 500 சுற்று மொத்தமாகக் காலி.

எங்கள் புரோகிராமின் லூப் தூங்காது. மூன்றாம் கோரில் உட்கார்ந்துகொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆர்டி வேலை விநாடியில் 95 சதவீதத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று பழைய கெர்னலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. புராக் அடைவில் ஷெட்-ஆர்டி-ரன்டைம் கோப்பில் மைனஸ் 1 எழுதி எப்போதோ அதை அணைத்து வைத்திருந்தேன். 6.12-இல் அந்தக் கட்டுப்பாட்டின் இடத்துக்கு ஃபேர் சர்வர் என்ற ஒன்று வந்திருக்கிறது. கோரில் சாதாரண வேலைகள் பட்டினி கிடந்தால், விநாடிக்கு 50 மில்லி விநாடி வரை அவற்றுக்கு வாங்கிக் கொடுக்கும். என் மைனஸ் 1 அதைத் தொடவே இல்லை. சைக்ளிக்டெஸ்ட் ஒவ்வொரு சுற்றிலும் தூங்கி எழுவதால் அது ஓடும்போது யாரும் பட்டினி கிடப்பதில்லை. அதனால்தான் ராத்திரி முழுக்க ஓடியும் அதில் இது தெரியவில்லை. ஆகவே உங்கள் சொந்த லூப்பையும் அதே பாரத்தில், சுற்றுக்குச் சுற்று நேரம் பதிந்து ஓட்டுங்கள்.

சரிசெய்வது எப்படி? முதலில் பூட் அளவுருவில் ஐசோல்-சிபியுஸ் கொடுத்து அந்தக் கோரைத் தனியாகப் பிரியுங்கள். இன்டரப்ட்களையும் (கார்டு, டிஸ்க் போன்றவை சிபியுவைக் கூப்பிடும் குறுக்கீடுகள்) வேறு கோர்களுக்குத் தள்ளுங்கள். சோம்பேறித்தனத்தில் நான் செய்யாமல் விட்டது இதுதான். பிறகும் இடைவெளி தெரிந்தால், கெர்னலின் உள் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் டீபக்-எஃப்எஸ்ஸில் ஷெட் அடைவுக்குள் ஃபேர் சர்வர் என்று ஒரு அடைவு இருக்கும். அதில் உங்கள் கோருக்கான ரன்டைம் கோப்பில் மட்டும் பூஜ்யம் எழுதுங்கள். பட்டினியால் சிஸ்டம் விழலாம் என்று கெர்னல் லாகில் எச்சரிக்கை வரும். அது சும்மா மிரட்டல் இல்லை, எல்லாக் கோருக்கும் பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். ரீபூட் செய்தால் இந்த மாற்றம் அழிந்துவிடும். சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி வைத்தால் பூட் ஆகும்போதெல்லாம் தானாகவே அமையும்.

மெஷின் மேல் ஒட்டிய காகிதத்தில் இப்போது மூன்று வரி இருக்கிறது. மூன்றாவது வரி எங்கள் லூப்பின் அதிகபட்சம்.